இருட்டில் மூன்றாவது நாற்காலி

வெளிச்சத்துக்கு வந்ததும் சிட்டு திரும்பிப் பார்த்தாள். பின்னால் ரேடியோ நின்றாள். ரேடியோவுக்குப் பின்னால் ஊசி நிற்க வேண்டும். நிற்கவில்லை.

ஆறு மாதமாக நகரமே பேசிக்கொண்டிருந்த உணவகம் அது. கும்மிருட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; தட்டில் இருப்பது என்ன என்று நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசி, கைக்கடிகாரம், கைப்பை எல்லாவற்றையும் வாசல் கூடத்திலேயே சின்னச் சின்னப் பெட்டிகளில் பூட்டி, சாவியை மணிக்கட்டில் மாட்டிவிடுவார்கள். பரிமாறுகிறவர்கள் பார்வை இல்லாதவர்கள். வழிகாட்டி என்று அவர்களுக்கு அங்கே பெயர். வழிகாட்டியின் தோளில் ஒருவர் கை வைக்க, அவர் தோளில் அடுத்தவர் கை வைக்க, ரயில் பெட்டிகள் மாதிரி கோத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதே மாதிரிதான் வெளியே வரவும் வேண்டும்.

உள்ளே போனது மூன்று பேர். வெளியே வந்தது இரண்டு பேர்.

மேலாளர் ஓடிப்போய் உள்ளே விளக்கைப் போட்டார். கழிவறையைப் பார்த்தார்கள், சமையல்கட்டைப் பார்த்தார்கள், மேசைகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது. மூன்று மணிக்கு ஊசி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டும். அவள் நிற்கவில்லை என்றால் சிட்டுவின் கணவர் சிறைக்குப் போக வேண்டும்.

மூவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் கிடந்தவர்கள். சிட்டு உருவத்தில் சிறியவள் என்பதால் சிட்டு. ரேடியோ வாயை மூடவே மாட்டாள். வார்டன் மாதிரியும் சமையல்காரர் மாதிரியும் பேசிக் காட்டி விடுதியையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவள். ஊசி அப்போதே ஊசி மாதிரி இருந்தாள். பின்னால் அவள் நர்ஸ் ஆனபோது, பெயர் வைத்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சிட்டுவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு இரவு, எட்டே முக்கால் மணிக்கு, சாலையைக் கடந்த ஒரு தையல்காரரை அந்தப் பள்ளியின் கார் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கார்க் கூரைமேல் மாட்டியிருக்கும் பள்ளிப் பெயர்ப்பலகையின் உடைந்த துண்டு ரோட்டில் கிடந்தது. பள்ளியில் கார் சாவிகள் ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்ற மூன்று பயிற்சியாளர்களும் அந்நேரம் எங்கே இருந்தார்கள் என்பதற்கு ஆள் இருந்தது. சிட்டுவின் கணவருக்கு ஊசி இருந்தாள். கையில் அடிபட்டு அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை அங்கேதான் இருந்ததாகவும், தோழியின் கணவர் என்பதால் சீட்டு எதுவும் போடாமல் அவளே கட்டுப் போட்டு அனுப்பியதாகவும் அவர் சொன்னார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஊசியின் வாய்ச்சொல் ஒன்றுதான் ஆதாரம்.

அந்த வாயைத்தான் இப்போது காணோம்.

சிட்டு போலீசுக்குப் போன் செய்தாள். வளர்ந்த பெண்ணைக் காணவில்லை என்று அரைமணி நேரத்தில் புகார் எழுத முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அவர் இன்று லீவு என்றார்கள். வக்கீலுக்குப் போன் செய்தபோது அழுகைதான் முதலில் வந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் குடைக்காரர் என்று ஒருவர் இருக்கிறார், அனுப்புகிறேன் என்றார்.

பத்தே நிமிடத்தில் ஒரு நெட்டையான மனிதர் வந்தார். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே வந்து சேர்வதில் பாதி குடைதான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது ஆட்களையும் தேடிக் கொடுக்கிறார். கூடவே, நோட்டுப் புத்தகமும் கையுமாக ஒரு பெண். அவர் மனைவியின் தங்கை என்று அறிமுகம் செய்துகொண்டாள்.

"எங்க அக்கா தொலைச்ச குடையைத் தேடித்தான் இவர்கிட்டப் போனா. குடை கெடைக்கல, இவர்தான் கெடைச்சார். அதனால கண்டுபிடிச்சிடுவாரான்னு என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் சிட்டு சிரித்திருப்பாள். அவள் கண்கள் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஒன்று முப்பத்தைந்து.

குடைக்காரர் முதலில் கேமரா இருக்கிறதா என்று கேட்டார். வாசலில் இருக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு முதலாளிக்குத்தான் தெரியும், அவர் விமானத்தில் இருக்கிறார், இறங்கச் சாயங்காலம் ஆகும் என்றார் மேலாளர்.

"சரி அத்தான், பாஸ்வேர்டு ஆகாயத்துல பறக்குது. நாம தரையில தேடுவோம்" என்றாள் மச்சினி. விளக்கெரியும் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு கூட்டம்? எங்க தெருவுல கரண்ட் போனா வாரம் மூணு நாள் இது இலவசம்" என்றும் சொல்லி வைத்தாள்.

குடைக்காரர் மேசைக்குப் போனார். மூன்று நாற்காலிகள். சிட்டுவுடையது பின்னால் தள்ளிக் கிடந்தது. ரேடியோவுடையது கோணலாக இருந்தது. சுவர் ஓரத்து மூன்றாவது நாற்காலி மட்டும் மேசையோடு ஒட்டித் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் கைத்துணி நாலாக மடித்து வைத்திருந்தது. அவர் அதைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தவறிப்போன பொருள் எங்க வேணா, எப்படி வேணா கிடக்கும்மா. வேணும்னு விட்டுட்டுப் போனது ஒழுங்கா இருக்கும். உங்க ஃப்ரெண்டை யாரும் இழுத்துட்டுப் போகல. அவங்களாத்தான் எழுந்து போயிருக்காங்க."

சிட்டுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊசி அப்படிப்பட்டவள் இல்லை என்றாள். கடைசியில் சாக்லேட் வரும்வரை அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், காளான் வந்தபோது எனக்குப் போதும் என்றாள், மூன்று மணிக்குள் போய்விடலாமா என்று தான் கேட்டபோது ம் போயிடலாம் என்றாள், அப்புறம் வெளியே வருகிற அந்த நாலு எட்டில்தான் யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ரேடியோவும் ஆமாம் என்று தலையசைத்தாள். வழக்கத்துக்கு மாறாக ஒரே ஒரு ஆமாம்.

அந்த நேரத்தில் சிட்டுவின் கைப்பேசி அடித்தது. கணவர். நீதிமன்ற வராந்தாவிலிருந்து பேசினார். வக்கீல் முகமே சரியில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். கிளம்பிவிட்டோம் என்று சிட்டு பொய் சொன்னாள். ஊசி பக்கத்தில் இருந்தால் கொடு என்றார். கை கழுவப் போயிருக்கிறாள் என்று இன்னொரு பொய்.

குடைக்காரர் வழிகாட்டியைக் கூப்பிடச் சொன்னார். முப்பது வயதுக்காரர், இஸ்திரி கலையாத கறுப்புச் சட்டை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமுறை தலையைத் திருப்பிக் காதாலேயே அளந்துகொண்டார். உங்களுக்கு என்ன தெரியும் என்று குடைக்காரர் கேட்கவில்லை. காதில் என்ன விழுந்தது என்று கேட்டார்.

அவர் நிதானமாகச் சொன்னார். சூப் வரைக்கும் மூன்று கரண்டிச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இரண்டுதான். ஒவ்வொரு தடவையும் டம்ளரில் விரல் வைத்துப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவார். மூன்றாவது டம்ளரில் சூப்புக்குப் பிறகு ஒரு வாய்கூடக் குறையவில்லை. பசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

"ஆனா பேசினாங்களே?" என்றார் குடைக்காரர்.

வழிகாட்டி தயங்கினார். "குரல் அவங்க குரல்தான் சார். ஆனா எடம் அவங்க எடம் இல்ல. மூணாவது நாற்காலிக் குரல் சுவத்துல பட்டு வரும். சூப்புக்கு அப்புறம் அந்தக் குரல் ரெண்டாவது நாற்காலியிலேர்ந்துதான் வந்துது. பக்கத்துல சாஞ்சு பேசறாங்கன்னு நெனச்சேன். பாக்கறவங்களுக்கு ஆள்தான் முக்கியம். எங்களுக்கு எடம்."

ரெண்டாவது நாற்காலி ரேடியோவுடையது.

மச்சினி எழுதுவதை நிறுத்திவிட்டு ரேடியோவைப் பார்த்தாள். சிட்டு மெல்லத் திரும்பினாள். ரேடியோவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"வார்டனுக்கே வார்டன் குரல்ல பதில் சொன்னவ நீ" என்றாள் சிட்டு.

ரேடியோ அழுதுகொண்டே சொன்னாள். இந்த உணவகத்தைத் தேர்ந்தெடுத்ததே ஊசிதான். நேற்று ராத்திரி போன் செய்து, எனக்கு அரைமணி நேரம் வாங்கிக் கொடு, சிட்டுவுக்குத் தெரியக் கூடாது, எதற்கு என்றும் கேட்காதே என்று கெஞ்சினாளாம். சூப் முடிந்ததும் பக்கத்து மேசைப் பிறந்தநாள் கோஷ்டி ஆறு பேர் கோத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஊசி ஏழாவது ஆளாக அந்த வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வழிகாட்டி பெருமூச்சு விட்டார். அந்த வரிசை வெளியேறியபோது கதவு ஒரு ஆள் அளவு தாமதித்து மூடியது தனக்குக் கேட்டது என்றார்.

"திரும்பி வந்துடுவான்னுதான் நெனச்சேன் சிட்டு. சத்தியமா வந்துடுவான்னு நெனச்சேன்" என்றாள் ரேடியோ.

சிட்டு அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். மச்சினி நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். "அடிக்கறதுன்னா அப்புறமா நேரம் குறிச்சுக்கலாம். இப்ப ரெண்டாகப் போகுது" என்றாள். சிட்டு அந்த நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே போனாள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். ரேடியோவுக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

மேலாளர் மாற்றுச் சாவி கொண்டுவந்து ஊசியின் பெட்டியைத் திறந்தார். கைப்பை இருந்தது. கைப்பேசி, கைக்கடிகாரம், பர்ஸ், சீப்பு, தலைவலி மாத்திரை, எல்லாம் இருந்தன. பர்ஸைக்கூட எடுக்காமல் போயிருக்கிறாளே, எங்கேயாவது விழுந்து செத்துவைக்கப் போகிறாளோ என்று சிட்டு புலம்பினாள். குடைக்காரர் பைக்குள் இருந்ததைப் பார்க்கவே இல்லை. பையின் வாரைத் தூக்கிப் பிடித்தார். அதில் ஒரு கிளிப் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

"இதுல என்ன மாட்டியிருப்பாங்க?"

ஆஸ்பத்திரி அடையாள அட்டை என்றாள் சிட்டு. குளிக்கப் போனாலும் அதை மாட்டிக்கொண்டு போவாள் என்று கேலி செய்வார்கள்.

"பர்ஸை விட்டுட்டு அட்டையை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. அட்டையைக் காட்டினாத்தான் கதவு தெறக்கற எடம். காசு இல்லாம நடந்தே போற தூரம்."

ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆனால் லீவு என்றார்களே என்றாள் சிட்டு. இன்று வேலை இல்லை என்றுதான் சொன்னார்கள், அங்கே வரவில்லை என்று சொல்லவில்லையே என்றார் அவர், ஏற்கெனவே நடக்க ஆரம்பித்தபடி.

மச்சினி ஊசியின் கைப்பையை எடுத்துக்கொள்ள, நாலு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சிட்டு முன்னால், ரேடியோ பத்தடி பின்னால், நெருங்கப் பயந்துகொண்டு. சிக்னலில் நின்ற ஒவ்வொரு வினாடியும் சிட்டுவுக்கு முள்மேல் நிற்பதுபோல் இருந்தது. ஊசியின் காலில் விழுந்தாவது இழுத்துக்கொண்டு போக வேண்டும். பயந்துவிட்டாள், அவ்வளவுதான். குறுக்குக் கேள்விக்குப் பயந்திருப்பாள். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

லிஃப்ட் வாசலில் காவலாளி மறித்தார், பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தான் என்றார். மச்சினி அவர் முன்னால் ஊசியின் பர்ஸை நீட்டினாள். "உங்க நர்ஸம்மா இதை மறந்துட்டு வந்துட்டாங்க. கொடுத்துட்டுப் போயிடறோம். நாங்க நாலு பேர் வந்ததுக்குக் காரணம், ஒருத்தர்மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்ல."

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியின் படத்தைப் பர்ஸில் பார்த்ததும் வழிவிட்டார்.

"மூணாவது மாடி. அந்தத் தையல்காரரைப் பாக்கத்தானே வந்திருப்பாங்க? லீவு நாள்லகூட வந்துடுவாங்க."

சிட்டு நின்றுவிட்டாள். நகரத்தில் எத்தனையோ தையல்காரர்கள். குடைக்காரர் அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டு லிஃப்டுக்குள் ஏற்றினார்.

மூன்றாவது மாடியில் ஜன்னல் ஓரக் கட்டிலில் ஐம்பது வயது மனிதர் படுத்திருந்தார். போர்வை இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது. ஊசி ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சிட்டுவைப் பார்த்ததும் அவள் எழவில்லை. ஓடவும் இல்லை. உரித்த சுளையைத் தட்டில் வைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்தாள்.

சிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மணி இரண்டு இருபத்தைந்து, இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வந்தார், நான் கட்டுப் போட்டேன், அவ்வளவுதான், என் குடும்பத்தைக் காப்பாற்று என்று கெஞ்சினாள்.

"நீ அன்னிக்குப் போன்ல அழுதுக்கிட்டே கேட்ட. அவர் உன்கிட்டதானே வந்தார்னு. உன் அழுகை தாங்காம ஆமான்னு சொல்லிட்டேன்" என்றாள் ஊசி. குரல் தட்டையாக இருந்தது. "அந்த ஒரு ஆமா போலீஸ்ல போயி, வக்கீல்கிட்டப் போயி, இன்னிக்குக் கூண்டு வரைக்கும் வந்துடுச்சு. உன் மூஞ்சியைப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"என்ன இல்ல?"

"அவர் வரல சிட்டு. அன்னிக்கு நான் யார் கையையும் கட்டல. ஒன்பது மணிக்கு இந்த மனுஷனைத் தூக்கிட்டு வந்தாங்க. நான் இவரோட காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவர் போட்ட சத்தம் இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டுது."

சிட்டு பொய் என்றாள். குடைக்காரர் எதிர்த்தரப்புக்கு விலைபோய்விட்டார் என்றாள். ரேடியோவும் கூட்டு என்றாள். வாய் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனது. ஆனால் வேறொன்று அவளுக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது. விபத்துக்கு மறுநாள் காலை கணவரின் கையிலிருந்த கட்டை அவிழ்த்தவள் அவள்தான். அத்தனை பெரிய கட்டுக்குள்ளே, பூனை பிராண்டியது மாதிரி ஒரு கீறல். நர்ஸ் வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். அதைப் பார்த்தாள், திரும்பக் கட்டினாள். மூன்று மாதமாக அதை நினைக்காமலே இருந்தாள்.

சுவரில் சாய்ந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தனியாகக் கேட்கத் தெம்பில்லை.

"என்னங்க, வக்கீல் ஒண்ணு கேக்கச் சொன்னார். அன்னிக்கு ஊசி உங்க கையைக் கட்டும்போது அங்க வேற யாராவது இருந்தாங்களா? ஏதாவது சத்தம், கூட்டம்?"

"ஒரு ஈ காக்கா இல்ல" என்றார் அவர் சட்டென்று. "ஆஸ்பத்திரியே தூங்கிட்டிருந்துது. அவ ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே கட்டினா. ஒன்பதேகால் வரைக்கும் நாங்க ரெண்டு பேர்தான். ஏன், எதிர்த்தரப்பு ஏதாவது சொல்றாங்களா?"

சிட்டு அழைப்பைத் துண்டித்தாள். கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். தையல்காரர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ அருகே வந்து நின்றாள். யாரும் யாரையும் தொடவில்லை. மச்சினி கடிகாரத்தைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். தேடச் சொன்ன ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. இனி அவர்கள் பாடு.

"கெளம்பு" என்றாள் சிட்டு.

"நான் பொய் சொல்ல மாட்டேன் சிட்டு."

"வேண்டாம். இப்ப என்கிட்டச் சொன்னதை அங்க சொல்லு. நீ எறங்கினதும் நான் ஏறுறேன். எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு."

ஊசி அவளை வெறித்துப் பார்த்தாள். யோசித்துக்கொள், அவர் உன் புருஷன், வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னாள். யோசித்தால் வர மாட்டேன், அதனால்தான் இப்போதே கிளம்பச் சொல்கிறேன் என்றாள் சிட்டு.

வாடகைக் காரில் மூன்று தோழிகளும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். குடைக்காரரும் மச்சினியும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வழியெல்லாம் சிட்டுவின் மடியில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே வந்தது. அவள் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தேடினாள். வக்கீலிடம் வாய்தா கேட்கலாம். ஊசியை ஊரை விட்டு அனுப்பிவிடலாம். தானே காணாமல் போய்விடலாம். கார் ஒரு திருப்பத்திலும் நிற்கவில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது நீதிமன்ற வாசலில் இறங்கினார்கள். கணவர் மேல்படியில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அவள் இஸ்திரி போட்டுக்கொடுத்த வெள்ளைச் சட்டை. காரிலிருந்து ஊசி இறங்குவதைக் கண்டதும் மூன்று மாதத்தில் சிட்டு பார்த்திராத சிரிப்பு அவர் முகத்தில் விரிந்தது. தப்பித்துவிட்டோம் என்பதுபோல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

சிட்டு ஊசியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு படியாக ஏறினாள்.